தாவரப் பல்வகைமையும் தாவர உண்ணிப் பூச்சிகளும்

தாவர உண்ணிப் பூச்சிகள் என்பவை இலை, தண்டு, சாறு, விதை, மரக்கட்டை எனத் தாவரத்தின் ஏதேனும் ஒரு பகுதியைத் தின்று வாழும் பூச்சிகளாகும். பட்டாம்பூச்சிப் புழுக்கள், இலை வண்டுகள், அசுவினிகள், வெட்டுக்கிளிகள் ஆகியன இவற்றுள் அடங்கும். மிதவெப்ப மண்டலத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கிச் செல்லும்போது தாவர இனங்களும் இப்பூச்சி இனங்களும் சேர்ந்தே பெருகுகின்றன. இதில் ஐயமில்லை. ஏன் பெருகுகின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. இக்கேள்விக்கான விடையைப் பொறுத்து உலக உயிரினங்களின் மதிப்பீடே கோடிக் கணக்கில் மாறுகிறது.

எர்வினின் கணக்கு

அமெரிக்கப் பூச்சியியலாளர் டெரி எர்வின், பனாமாவில் லூகியா சீமன்னி என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிகொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்த வண்டுகளைச் சேகரித்தார். ஏறத்தாழ 1,200 வண்டினங்கள் கிடைத்தன. அவற்றுள் 163 இனங்கள் அந்த மரத்தை மட்டுமே சார்ந்தவை என அவர் கொண்டார். வெப்பமண்டல மர இனங்கள் 50,000 என வைத்துப் பெருக்கி, பிற கணுக்காலிகளையும் தரையில் வாழ்பவற்றையும் சேர்த்தபோது 3 கோடி இனங்கள் என்ற எண் வந்தது. 1982 இல் வெளியான இக்கணக்கு பெரும் புகழ் பெற்றது. ஆனால் அதைத் தாங்கி நின்ற 163 என்ற எண், சோதித்து அறிந்ததன்று, ஊகமே. மரத்திலிருந்து விழும் வண்டு அம்மரத்தைத்தான் தின்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நியூ கினி ஆய்வுகள்

செக் நாட்டுச் சூழலியலாளர் வொய்டெக் நொவோட்னியின் குழு பப்புவா நியூ கினியின் தாழ்நிலக் காடுகளில் பூச்சிகளை உயிருடன் பிடித்தது. பிடித்த பூச்சி அந்த இலையை உண்மையில் தின்கிறதா எனப் பார்த்த பின்னரே அதைக் கணக்கில் சேர்த்தது. 51 தாவர இனங்களையும் சுமார் 900 பூச்சி இனங்களையும் உள்ளடக்கிய இவ்வாய்வு 2002 இல் வெளிவந்தது. பெரும்பாலான பூச்சிகள் நெருங்கிய உறவுள்ள பல தாவரங்களைத் தின்றன. உறவுத் தாவரங்களின் தற்காப்பு வேதிப்பொருள்கள் பெரிதும் ஒத்திருப்பதால், ஓர் அத்தி இனத்தின் இலையைச் செரிக்கும் புழுவுக்கு அடுத்த அத்தியும் உணவாகலாம். நியூ கினியில் அத்திப் பேரினத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இதன்படி உலகக் கணுக்காலிகளின் மதிப்பீடு 40 முதல் 60 இலட்சமாகச் சுருங்கியது.

2006 இல் இக்குழு நியூ கினிக் காட்டைச் செக் நாட்டின் மொராவியக் காட்டுடன் ஒப்பிட்டது. உறவு நெருக்கம் ஒத்த மரத் தொகுதிகளை எடுத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் இலைப்பரப்புக்கு மொராவியாவில் 29, நியூ கினியில் 23.5 பூச்சி இனங்கள் இருந்தன. அதாவது வெப்பமண்டலப் பூச்சிகள் உணவில் கூடுதல் தெரிவு காட்டவில்லை. ஏழு மடங்கு தாவர இனங்கள் இருந்ததே வேறுபாட்டுக்குப் போதுமான காரணமாகத் தோன்றியது. மறு ஆண்டே லீ டையரும் பிறரும் அமெரிக்கக் கண்டங்களின் எட்டுக் காடுகளில் புழுக்களை வளர்த்துப் பெற்ற தரவுகளைக் கொண்டு இதற்கு மாறாக எழுதினர்: வெப்பமண்டலப் புழுக்களின் உணவு வட்டம் குறுகியது என்பது அவர்கள் முடிவு. ஒப்பிட்ட முறைகள் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றை முழுவதும் தள்ளிவிடவில்லை.

மலைச்சரிவுகள்

நியூ கினித் தாழ்நிலத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பிலும் பெரும்பாலான பூச்சி இனங்கள் மாறாமல் பரவியிருந்தன. மலையில் அப்படியில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 6 பாகை செல்சியசு குறைகிறது, தாவரங்கள் மாறுகின்றன, பூச்சிகளைப் பிடித்துண்ணும் எறும்புகளும் குறைகின்றன. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்சு மலையில் உயரே வாழும் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள், தாழ்வில் வாழ்பவற்றைவிடப் பலவகைச் செடிகளைத் தின்கின்றன.

தாவரமும் தட்பவெப்பமும் ஒரே பூச்சியை இரு முனைகளில் கட்டுப்படுத்துவதற்கு எசுப்பானியாவின் குவாடர்ராமா மலைத்தொடர் எடுத்துக்காட்டாகும். சிறகுகளில் கரிய நரம்புகள் கொண்ட அப்போரியா கிரடேகி என்ற வெள்ளைப் பட்டாம்பூச்சியால் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பரவ முடிவதில்லை. புழுவுக்கு உணவாகும் ரோசாக் குடும்பக் குறுமரங்கள் அங்கே இல்லை. கீழே அம்மரங்கள் உண்டு. ஆனால் வெப்பம் மிகுதி. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அதன் கீழெல்லை 600 மீட்டரிலிருந்து 900 மீட்டருக்கு உயர்ந்துவிட்டது. உணவு மரங்கள் அதே வேகத்தில் மேலேறவில்லை.