சாக்போர்டு எழுதி சைடு இன்கம்: பலகையும் வரியும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் கஃபே வாசல்ல கரும்பலகை மெனு பார்த்திருப்பீங்க. கையெழுத்து நல்லா இருந்தா, வார விடுமுறையில நீங்களும் எழுதித் தரலாம். ஆனா முதல் நாளே விலை உயர்ந்த மார்க்கர் செட் வாங்காதீங்க.

ஒரு எம்டிஎஃப் பலகை, சாக்போர்டு பெயின்ட், சாக்பீஸ், ஈரத்துணி போதும். பெயின்ட் இரண்டு கோட் அடிங்க. முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது. டப்பாவில் சொன்ன நாள் வரை காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து பலகை முழுக்கத் தேய்த்துத் துடைங்க. இதைச் செய்யலைன்னா, முதல்ல எழுதினது அழிச்சாலும் தடமா நிற்கும்.

லேசா கோடு போட்டு, நீளமான வரியை முதல்ல நடுவில் அமைங்க. சாக்பீஸை நனைத்து எழுதினா, காய்ந்ததும் பளிச்னு தெரியும். மார்க்கர் சில பலகையில் அழியாது. ஓரத்துல சோதிச்சுப் பாருங்க. கடைப் பெயருக்கு மார்க்கர், தினமும் மாறும் விலைக்கு சாக்பீஸ்.

இப்போ வரி. இந்தப் பணம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். ஐடிஆர்-1ல் காட்ட முடியாது. உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தா பெரும்பாலும் ஐடிஆர்-4. யுபிஐ, வங்கி வரவில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபமாகக் காட்டணும். இது கீழ் வரம்புதான். எழுத்து வேலையில் செலவு கம்மி. உண்மையான லாபம் அதிகம்னா அதையே காட்டுங்க.

முதல் ஆர்டருக்கு முன்னாடி ஆஃபர் லெட்டரைப் பிரிச்சுப் படிங்க. வெளி வேலைக்குத் தடை இருந்தா, பலகையை வீட்டுச் சமையலறையில மாட்டிக்கோங்க!