ஐதரசன் லொறியும் உற்பத்தியுறவுகளும்

ஜூல்ஸ் வேர்ண் 1874–75இல் வெளியிட்ட 'மர்மத் தீவு' நாவலிலே, நிலக்கரி தீர்ந்தபின் நீரே எரிபொருளாகும் எனப் பொறியியலாளப் பாத்திரமொன்று எதிர்வுகூறுகிறது. ஐரோப்பியக் கைத்தொழில் முதலாளித்துவத்தின் தன்னம்பிக்கை அக்கூற்றிற் பொதிந்துள்ளது. ஆயின், நீரைப் பிரிப்பதற்கான மின்சாரத்தை யார், எவ்வாறு உற்பத்திசெய்வர் என்னும் வினா அங்கு முனைப்புப் பெறவில்லை. தொலைதூரச் சரக்குப் போக்குவரத்தில் டீசலுக்கு மாற்றாக முன்வைக்கப்படும் ஐதரசன் லொறியை நாம் அவ்வினாவிலிருந்தே அணுக விரும்புகிறோம்.

இதன் அடிப்படைத் தத்துவம் புதியதன்று. வில்லியம் குரோவ் 1839இலும் 1842இலும் செய்த பரிசோதனைகளில் அதன் மூலத்தைக் காணலாம். எரிபொருட்கலத்தினுள் ஐதரசன் எரிவதில்லை. பிளாற்றின ஊக்கியின் மேல் அது புரோத்தன்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிகிறது. புரோத்தன்கள் மென்சவ்வை ஊடுருவ, இலத்திரன்கள் வெளிச்சுற்றாற் சென்று மோட்டரை இயக்குகின்றன. ஈற்றில் ஒட்சிசனோடு கூடி வெளியேறுவது நீரே. பாரிய மின்கலங்களைச் சுமவாது, சிறிது நேரத்தில் வாயுவை நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் செல்லலாம் என்பதே இதன் கவர்ச்சி.

ஆனால் லொறி நீராவியைக் கக்குகிறது என்பதனால் மட்டும் அது தூயதாகிவிடாது. உலகில் உற்பத்தியாகும் ஐதரசனிற் பெரும்பகுதி இன்றும் இயற்கைவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. இயற்கைவாயு வழியில் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 9 அல்லது 10 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. மின்பகுப்பினாற் பெறுவதாயின் அதே ஒரு கிலோகிராமுக்கு 50 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட மின்சாரம் தேவை. அதிலிருந்து மீளக் கிடைக்கக்கூடிய சக்தியோ 33 கிலோவாற்று மணியளவே. அமுக்குதல், மீண்டும் மின்னாக்குதல் ஆகியவற்றின் இழப்புகளையும் கழித்தால், 100 அலகு மின்சாரத்தில் சக்கரத்தை அடைவது 30 அலகளவேயாகும். மின்கல லொறியில் இது 70 அலகளவாகும்.

சுவிற்சர்லாந்தில் 2020இல் ஹுண்டாய் கம்பனியின் எரிபொருட்கல லொறிகள் சேவைக்கு வந்தன. ஏறக்குறைய 31 கிலோகிராம் ஐதரசனை 350 பார் அமுக்கத்திற் கொண்டு, 400 கிலோமீற்றர் வரை அவை ஓடின. கோஸ்கன் நீர்மின் நிலையத்தருகே அவற்றுக்கான ஐதரசன் மின்பகுப்பினாற் பெறப்பட்டது. நிறைக்கும் தூரத்துக்கும் ஏற்ப 2001 முதல் அங்கு பாரவூர்திகள்மீது வரி அறவிடப்படுகிறது. இவ்வகை லொறிகள் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டமையே கணக்கைச் சரிசெய்தது. சந்தையின் சுயேச்சையான தெரிவெனப் போற்றப்படுவதன் பின்னே அரசின் கரம் இருந்தது.

அமெரிக்காவின் நிக்கோலா கம்பனியின் கதை வேறு. ஒரு லொறியைத்தானும் விற்காத நிலையில், 2020 ஜூனில் அதன் பங்குச்சந்தை மதிப்பு போர்ட் கம்பனியின் மதிப்பைச் சிலகாலம் விஞ்சியது. 2018இல் வெளியிட்ட விளம்பரப் படத்தில் விரைந்தோடிய லொறி, உண்மையில் சரிவிலே உருளவிடப்பட்டதாகும். நிறுவுநர் ட்ரெவர் மில்ரன் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்காக 2023இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு மன்னிப்பளித்தார். கம்பனி அதற்கு முந்திய மாதமே வங்குரோத்துக்கு விண்ணப்பித்திருந்தது. (இடைக்காலத்தில் அது சில எரிபொருட்கல லொறிகளை மெய்யாகவே விற்றது என்பதையும் நாம் மறைத்தலாகாது.)

முதலீட்டாளரின் இழப்பு நீதிமன்றம்வரை சென்றது. கலத்தின் ஊக்கியான பிளாற்றினத்தை அகழ்வோரைப் பற்றிய பேச்சு விளம்பரங்களில் இல்லை. உலகின் சுரங்கப் பிளாற்றினத்திற் பெரும்பங்கு தென்னாபிரிக்காவினுடையது. அங்கு மரிக்கானாவில், 2012 ஓகஸ்ட் 16இல், வேலைநிறுத்தஞ் செய்த பிளாற்றினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். அவர்கள் கோரியது மாதம் 12,500 ராண்ட் ஊதியம்.