தாலி போதாத இடம்
கடல் கடந்த குடும்பங்கள் – 9

சென்ற வாரம் வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் நம் பெண்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம், பிழைக்கப் போனவரிடம் போய்ச் சேரக் காத்திருக்கும் கணவன் மனைவியரைப் பற்றி.

வட்டவளையைத் தாண்டி ஹட்டனைத் தொடுமுன் கோச்சி நிற்கும் சின்ன ஸ்டேஷன் றொசல்ல. இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அங்கே ஒரு லயக் காம்பராவில் இருந்தேன். வீட்டுக்காரர் டுபாயில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. போய் மூன்று வருடம். மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அந்தத் தங்கச்சி அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தாள். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. ஈரம் படாமல் அப்படிக் காத்து வைத்திருந்தாள்.

தாள்களைப் பாயில் பரப்பினோம். பிறப்புச் சான்றிதழில் ‘ஆயி’ என்று முடியும் பெயர், அடையாள அட்டையில் ‘அம்மா’ என்று முடிந்தது. மகளின் சான்றிதழில் பெற்றோர் மணமானவர்களா என்று கேட்கும் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. விவாகச் சான்றிதழைத் தேடினேன். அப்படி ஒரு தாளே இல்லை.

“கோயில்ல வச்சுத்தான் தாலி கட்டினாரு அக்கா. தோட்டமே பாத்துச்சி. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சடங்குப்படி நடந்த கலியாணத்தை நம் நீதிமன்றங்களும் ஏற்பதுண்டு. ஆனால் விசா கொடுக்கும் கவுண்டரில் தாலி பேசாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மனைவியை அழைக்க, பதிவாளர் கொடுத்த விவாகச் சான்றிதழ் வேண்டும். அதில் நம் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரை வைக்க வேண்டும். பிறகு அமீரகத் தூதரகமும், அந்த நாட்டு அமைச்சும் சான்றளிக்க வேண்டும். இத்தனைக்கும் மேலாக, அழைப்பவரின் சம்பளம் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் என்று இருக்க வேண்டும்.

குடும்பத்துக்குத் தாளைக் காட்டு என்று மலையகத்தைக் கேட்பது இது முதல் தடவை அல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த ஆண், தான் மட்டுமல்ல, தன் மனைவியும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்தவள் என்று காட்ட வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த பெண்ணிடம் அதற்கு என்ன தாள் இருந்திருக்கும்? எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காகச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தங்கை புருஷன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலை நம் சனம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரையே வைத்தார். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பல் 1984இல் நின்றது. இந்தியப் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிப்போனவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான்.

அன்று தாள் நம்மைப் பிரித்தது. இன்று சேர்ந்து வாழவும் தாள் கேட்கிறார்கள். அந்தத் தாளும் எல்லோருக்கும் வழிவிடுவதில்லை. வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் விசா எசமானின் வீட்டோடு கட்டப்பட்டது. அவள் வாங்கும் சம்பளத்தில் கணவனைக் கூப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் துணையை அழைக்கக் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம் 18,600 பவுணாக இருந்தது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். சேர்ந்து வாழும் உரிமையைச் சம்பளத்தால் அளப்பது அநீதி. இதை நான் எங்கும் சொல்வேன்.

அந்த அநீதியை றொசல்லவிலிருந்து நாம் மாற்ற முடியாது. பதிவில்லாக் குறையை மாற்றலாம். வீட்டுக்காரர் லீவில் வந்ததும் இருவரும் பதிவாளர் முன் கையொப்பமிட வேண்டும், அதற்கு முன் பெயர்த் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். லீவுக்கு இன்னும் ஏழு மாதம்.

பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டியிருப்பதால்தான் பல வீடுகளில் பதிவு தள்ளிப்போகிறது. நடமாடும் சேவை தோட்டத்துக்கே வர வேண்டும், அதுவும் சம்பள நாளில் வர வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் கோயில் நிர்வாகத்தினரும் மனம் வைத்தால், தாலி கட்டும் அன்றே பதிவாளரையும் மண்டபத்துக்கு அழைக்கலாம்.

உங்கள் வீட்டில் கலியாணம் ஆகிப் பதியாதவர்கள் இருந்தால், விசா வரும்வரை காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட் மூன்றையும் இன்று இரவே பாயில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

(தொடரும்)