தீபாவளி அட்டைக்குள் ஒளிந்த ஷேக்ஸ்பியர்!

ஷேக்ஸ்பியரை ஜெயிலில் காப்பாற்றியது நம்ம சாமிகள்தான், தெரியுமா?

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை, 1970-கள். டர்பன்காரரான அரசியல் கைதி சன்னி வெங்கடரத்னத்திடம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுத் தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடக் கூடாதே! தீபாவளி வாழ்த்து அட்டைகளை எடுத்தார். சாமி படங்கள் பளிச்சென்று தெரிகிற மாதிரி மேலட்டையில் ஒட்டினார். தன் வேதப் புத்தகம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தப்பித்தது புத்தகம்.

அது கைதிகளிடையே ரகசியமாகக் கைமாறியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நெல்சன் மண்டேலா போட்ட இடம் எது தெரியுமா? கோழைகள் செத்துச் செத்துப் பிழைப்பதைப் பற்றி ஜூலியஸ் சீசர் பேசும் வசனம்! பக்கத்தில் தேதி: 16 டிசம்பர் 1977. 1961-ல் அவருடைய இயக்கத்தின் ஆயுதப் படை தொடங்கப்பட்டதும் இதே டிசம்பர் 16. தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்று கேளுங்கள். 1616-ல் ஷேக்ஸ்பியர் கண்ணை மூடியபோது 'ஜூலியஸ் சீசர்' அச்சேறியிருக்கவே இல்லை! 'மேக்பெத்'தும் அப்படித்தான். கூட நடித்த ஹெமிங்ஸ், காண்டெல் என்ற இருவர் 36 நாடகங்களைத் திரட்டி 1623-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் பாதி, அதாவது 18, அதுவரை அச்சையே பார்க்காதவை. அந்த இரண்டு நடிகர்கள் மெனக்கெடாமல் இருந்திருந்தால் மண்டேலா எங்கே கையெழுத்துப் போட்டிருப்பார்?

சரி, அத்தனை வீரம் பேசிய சீசர் என்ன ஆனார்? கெட்ட கனவு கண்டு மனைவி கெஞ்சியும் கேட்காமல் கிளம்பினார்; அன்றைக்கே கத்திக்குத்து.

'ஹாம்லெட்'டில் இன்னும் வேடிக்கை. உனக்கு நீயே உண்மையாக இரு என்கிற ரீதியில் வெளியூர் போகும் மகனுக்கு அறிவுரை சொல்வது யார்? பொலோனியஸ். கொஞ்ச நேரத்தில் அந்த மகனையே வேவு பார்க்க ஆள் அனுப்புகிற அப்பா! கடைசியில் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கப் போய்த்தான் உயிரை விடுகிறார்.

சரி, மனசாட்சி பற்றி ஷேக்ஸ்பியர் என்ன சொல்கிறார்? 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் கூலிக்குக் கொலை செய்ய வந்த இருவரில் ஒருவனுக்குத் திடீரென்று மனசு உறுத்துகிறது. பொறு, 20 எண்ணுவதற்குள் இது சரியாகிவிடும் என்கிறான், விக்கல் வந்தவன் மாதிரி! மற்றவன் கூலியை ஞாபகப்படுத்துகிறான். உறுத்தல் போயே போச்சு.

ஆனால் கொலை முடிந்ததும், பணமெல்லாம் நீயே வைத்துக்கொள் என்று உதறிவிட்டுப் போகிறவன் யார் தெரியுமா? அவனேதான்.