குழந்தைப் பருவத் துன்பமும் பிற்கால மனச்சோர்வும்

நடுவயதில் தோன்றும் மனச்சோர்வின் வேர் சிலருக்குக் குழந்தைப் பருவத்தில் இருக்கக்கூடும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 9,508 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 1998-இல் வெளியாயிற்று. அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல், வீட்டில் குடிப்பழக்கம் முதலிய ஏழு வகைத் துன்பங்களை அது ஆராய்ந்தது. நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தோருக்கு மனச்சோர்வுக்கான வாய்ப்பு, எதையும் அனுபவியாதோரைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

இடையறாத அச்சம் கார்டிசால் சுரப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். பின்னாளில் சிறு இழப்பும் பெருஞ்சுமையாகிவிடும்.

ஆயினும் இது தலைவிதி அன்று. துன்புற்ற பலருக்கு மனச்சோர்வு வருவதேயில்லை. வந்தோருக்கும் உளவழிச் சிகிச்சையும் மருந்தும் பயன் தருகின்றன. ஆகவே, மருத்துவரிடம் இளமைக்கால அனுபவங்களையும் கூறுங்கள். குடும்பத்தினர் ‘பழங்கதை எதற்கு?’ என்று தடுக்காமல் செவிசாயுங்கள். சொல்லுமாறு வற்புறுத்தவும் வேண்டா.