உறைமோரும் கம்பைலரும்

இரவில் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு கரண்டி மோரை உறை ஊற்றி வைத்தால் காலையில் தயிர் தயாராகிவிடுகிறது. மறுநாள் உறை ஊற்றுவதற்கு இந்தத் தயிரிலேயே சிறிது எடுத்து வைக்கிறோம். அதாவது, தயிர் செய்யத் தயிர் வேண்டும். அப்படியானால் முதல் தயிர் எப்படி வந்தது? சிறு வயதில் இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கணிப்பொறி உலகிலும் இதே போன்ற கேள்வி ஒன்று உண்டு. கம்பைலரை உருவாக்கக் கம்பைலர் வேண்டும். முதல் கம்பைலர் எப்படி வந்தது?

கருவித் தொடர்

கணிப்பொறியின் செயலகத்துக்குப் புரிவது பொறிமொழி ஒன்றே. 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆன கட்டளைகளின் வரிசை அது. மனிதர்கள் அதில் எழுதுவது மிகக் கடினம். ஆகவே சி, ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில் எழுதுகிறோம். நாம் எழுதுவதை மூல நிரல் என்பார்கள். அதைப் பொறிமொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். கம்பைலரும் ஒரு நிரலே என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்பைலர் தனியாக வேலை செய்வதில்லை. சி மொழி நிரலை அது முதலில் அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. அசெம்ப்ளர் என்னும் மற்றொரு கருவி அதைப் பொறிமொழித் துண்டுகளாக்குகிறது. திரையில் எழுத்தைக் காட்டுவது போன்ற பொது வேலைகளுக்கான ஆணைகள் நூலகக் கோப்புகளில் தயாராக இருக்கின்றன. துண்டுகளையும் நூலகக் கோப்புகளையும் ஒன்றாகக் கோத்து, இயங்கும் நிரலாக்குவது லிங்க்கர். இவை அனைத்தும் சேர்ந்ததே கருவித் தொடர்.

முதல் தயிர்

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப் மொழியிலேயே எழுதினார்கள். லிஸ்ப் நிரலை வரி வரியாகப் படித்து இயக்கும் கருவி ஒன்று அங்கே முன்பே இருந்தது. அதன் உதவியால் அந்தக் கம்பைலர் தன்னைத்தானே பொறிமொழிக்கு மாற்றிக்கொண்டது. ஆக, முதல் உறைமோர் மனிதர் கையால் வந்தது. பிறகு தயிரிலிருந்து தயிர் வந்தது.

யாவரும் படிக்கத்தக்க கம்பைலர்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். அதன் பயனாக 1987-இல் ஜி.சி.சி. என்னும் சி கம்பைலர் வெளிவந்தது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பொறிமொழி வடிவில் வழங்குபவர் மூல நிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இதன் உரிமத்தின் நிபந்தனை.

ஜி.சி.சி.யைக் கட்டும் முறை சுவையானது. உங்களிடம் ஒரு பழைய கம்பைலர் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு புதிய ஜி.சி.சி.யின் மூல நிரலை மாற்றினால் கிடைப்பது முதற்படி. இதன் பொறிமொழியை எழுதியது பழைய கம்பைலர். எனவே முதற்படியைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடியும் மாற்றுகிறார்கள். இது இரண்டாம் படி. இரண்டாம் படியைக் கொண்டு மீண்டும் மாற்றினால் மூன்றாம் படி. பிறகு இரண்டாம், மூன்றாம் படிகளின் கோப்புகளை ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே மூல நிரலிலிருந்து, ஒரே விதிகளின்படி உருவானவை. ஆகவே அவை ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

இனி வழங்கும் வேலை. செயலகம் ஒரே வகையாக இருந்தாலும், விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய இயக்க முறைமைகள் இயங்கும் நிரலின் கோப்பை வெவ்வேறு அமைப்பில் எதிர்பார்க்கின்றன. நூலகங்களும் வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியில் இருந்துகொண்டே விண்டோஸுக்கான நிரலை உருவாக்கும் குறுக்குக் கம்பைலர்களும் உண்டு. விண்டோஸ் கணிப்பொறி சி கம்பைலர் இல்லாமலே வருகிறது. ஆகையால் மாணவர்கள் பெரும்பாலும் யாரோ கட்டிய மிங்ஜிடபிள்யூ போன்ற தொகுப்பை இறக்கிக்கொள்கிறார்கள். மூல நிரல் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் நம் கைக்கு வருவது கட்டி முடித்த பொறிமொழி.

உறைமோர் கெட்டிருந்தால்?

இங்கேதான் ஆபத்து. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை 1984-இல் அச்சில் வந்தது. அதில் அவர் ஒரு தந்திரத்தை விளக்கினார். ஒரு கம்பைலரில் இரண்டு வஞ்சக ஆணைகளைச் சேர்ப்போம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் வந்தால் அதில் ஒரு திருட்டு வழியைப் புகுத்து என்பது முதல் ஆணை. கம்பைலரின் மூல நிரலே வந்தால் இந்த இரண்டு ஆணைகளையும் அதில் புகுத்து என்பது இரண்டாவது. இப்படி ஒரு கம்பைலரைக் கட்டியபின் மூல நிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். இனி மூல நிரலை எத்தனை பேர் படித்தாலும் தவறு எதுவும் தென்படாது. ஆனால் கெட்ட கம்பைலர் தன் அடுத்த தலைமுறையையும் கெடுத்துக்கொண்டே போகும். பால் தூயது, கெட்டது உறைமோர்! மூன்று படிச் சோதனையும் இதைக் காட்டாது. ஏனெனில் எல்லாப் படிகளிலும் ஒரே வஞ்சகம் இருக்கும்.

வஞ்சகத்தைக் கம்பைலரில்தான் புகுத்த வேண்டும் என்பதில்லை. தொடரில் எந்த இடமும் போதும். ஆப்பிள் நிறுவனத்தின் எக்ஸ்கோட் என்னும் கருவித் தொகுப்பைச் சீனாவில் சிலர், இறக்கம் மெதுவாக இருந்த காரணத்தால், வேறு இடங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதிகளில் லிங்க்கர் கோக்கும் கோப்பு ஒன்று திருத்தப்பட்டிருந்தது. அவற்றைக் கொண்டு கட்டிய நிரல்களில் கட்டியவருக்கே தெரியாமல் தீய ஆணைகள் புகுந்தன. வீசாட் போன்ற புகழ்பெற்ற செயலியும் இதற்குத் தப்பவில்லை. 2015 செப்டம்பரில் இது வெளியாயிற்று. நிரல் எழுதியவர்கள் தம் மூல நிரலில் ஒரு தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாற்று வழிகள்

தாம்ப்சன் சொன்ன தந்திரத்தைக் கண்டுபிடிக்க டேவிட் வீலர் 2005-இல் ஒரு முறையை விரிவாக விளக்கினார். ஐயத்துக்குரிய கம்பைலரின் மூல நிரலை, தொடர்பே இல்லாத வேறொரு கம்பைலரால் மாற்றுங்கள். கிடைத்ததைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி மாற்றுங்கள். இந்த இரண்டாம் தலைமுறை, ஐயத்துக்குரிய கம்பைலரோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போனால் ஐயம் நீங்கும். அந்த வேற்றுக் கம்பைலரிலும் அதே வஞ்சகம் இல்லாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரு வேறு வீட்டு உறைமோரில் ஒரே தயிர் கிடைக்காது, நிரலில் கிடைக்கும்.

இதற்கு ஒரு முன்தேவை உண்டு. ஒரே மூல நிரலை யார், எங்கே, எப்போது கட்டினாலும் ஒரே கோப்பு வர வேண்டும். கட்டிய நேரம், கோப்புறையின் பெயர் முதலியன உள்ளே பதிவாகிவிட்டால் ஒப்பிட முடியாது. டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினர் 2013 முதல் இத்தகைய வேறுபாடுகளைக் களைந்து வருகிறார்கள். 2023-இல் குயிக்ஸ் குழுவினர் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஜி.சி.சி. வரை கட்டிக் காட்டினார்கள். அவ்வளவு சிறிய நிரலை ஒருவர் கையால் படித்தே சரிபார்த்துவிடலாம். ஆயினும் அதை இயக்கும் இயக்க முறைமையை நம்பித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? கம்பைலரை அதன் திட்டக்குழு குறிப்பிடும் இடத்திலிருந்து மட்டும் பெறுங்கள். கோப்புடன் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண் வெளியிடப்பட்டிருக்கும். அது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். உங்கள் கணிப்பொறியிலேயே அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கோப்பையும் எண்ணையும் சேர்த்தே ஒருவன் மாற்றிவிடலாம் என்பதால், வழங்குவோரின் மின் கையொப்பம் இருந்தால் அதையும் சரிபாருங்கள். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பாலைப் பார்த்து வாங்கும் நாம், உறைமோர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?