உயிர்வேலியும் அதனை வெட்டும் பொறியும்

பயிருக்கு வேலி இன்றியமையாதது என்பதை உழவர் அனைவரும் அறிவர். தமிழில் வேலி என்னும் சொல் காவலை மட்டுமன்றிக் காக்கப்படும் நிலத்தின் அளவையும் குறிக்கும். சோழநாட்டில் 20 மா கொண்ட நிலத்தை ஒரு வேலி என்று வழங்கினர். அஃது ஏறத்தாழ 6.67 ஏக்கர் ஆகும். வெட்டிய முள்ளைக்கொண்டு அடைக்கும் வேலி சில ஆண்டுகளில் மக்கிப்போகும். வேர்விட்டு வளரும் செடிகளை வரிசையாக நெருக்கி நட்டு வளர்ப்பதே உயிர்வேலி. காங்கயம் பகுதியில், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி இவ்வகையைச் சேர்ந்தது. உயிர்வேலி நெடுங்காலம் நிற்கும்; எனினும் உயிருள்ளதாதலின் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாது விட்டால் மரமாகி அடியில் இடைவெளி விடும். முறையறியாது வெட்டினால் பட்டுப்போகும்.

உயிர்வேலிகள் நிறைந்த நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. உயரத்திலிருந்து அந்நாட்டைக் காண்பவர்க்கு, பச்சைத் துணியில் கரும்பச்சை நூலால் கட்டங்கள் இழைத்தாற்போல அதன் வயல்கள் தோன்றும். அக்கட்டங்களின் கோடுகளே வேலிகள். அவற்றுட் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஏனையவற்றுட் பல, ஊர்ப்பொது நிலங்களைத் தனியார் உடைமையாக்கிய காலத்தில் நடப்பட்டவை. 1604-ஆம் ஆண்டு முதல் 1914-ஆம் ஆண்டு வரை இதற்கென அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேற்பட்டவை. பொதுநிலத்தில் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைமக்கள் அவ்வேலிகளால் வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று கண்ணுக்கு இனிய காட்சியாக நிற்கும் வேலிகள் அன்று பலருடைய கண்ணீருக்குக் காரணமாயின என்பதையும் மறத்தற்கில்லை.

அவ்வேலிகளில் மிகுதியாக வளர்வன ஹாதார்ன், பிளாக்தார்ன் என்னும் முட்செடிகளும் ஹேசல் என்னும் கொட்டைமரமும் ஆகும். பிளாக்தார்ன் இலை தளிர்க்குமுன்னரே வெண்பூப் பூக்கும். ஹாதார்ன் மே மாதத்தில் பூக்கும். இலையுதிர்காலத்தில் ஹாதார்ன் செடியில் செந்நிறக் கனிகள் கொத்துக்கொத்தாகத் தோன்றும். வடதிசையின் கடுங்குளிருக்கு அஞ்சிக் கடல்கடந்து வரும் பீல்ட்பேர், ரெட்விங் என்னும் பறவைகளுக்கு அக்கனிகளே குளிர்கால உணவு. டார்மவுஸ் என்னும் பொன்னிறச் சிற்றெலி வேலியின் கிளைவழியே ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும். ஆதலின் அந்நாட்டில் வேலியானது காவலாக நிற்பதோடு, எண்ணற்ற உயிர்கட்கு உறைவிடமும் வழியும் உணவுச்சாலையுமாக விளங்குகின்றது.

முற்காலத்தில் இவ்வேலிகளை மனிதர் கைக்கருவியால் வெட்டித் திருத்தினர். நுனி வளைந்த கனத்த அரிவாளை ஏந்தி, குளிர்காலம் முழுவதும் வேலியோரத்திலேயே உழைத்த தொழிலாளர் ஊர்தோறும் இருந்தனர். இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தபின் வயல்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பெரும்பொறிகள் திரும்புவதற்கு இடம் வேண்டிப் பல வேலிகளை வேரோடு களைந்தனர். அரசாங்கமே அதற்குப் பொருளுதவி செய்த காலமும் உண்டு. எஞ்சிய வேலிகளைத் திருத்தும் பணி டிராக்டரிடம் சேர்ந்தது.

டிராக்டரில் பூட்டும் வேலிவெட்டும் பொறிகள் பலவகைப்படும். முடிதிருத்துவோர் கையாளும் கத்தரிப்பொறியைப் போன்று, பல் வரிசையின்மேல் கத்தி முன்னும் பின்னும் ஓடி வெட்டுவது ஒருவகை. அதன் வெட்டு மிகத் தூயது. எனினும் வெட்டிய கிளைகள் முழுதாகக் கீழே விழுமாதலின், அவற்றை வாரி அகற்றும் வேலை மிஞ்சும். வட்டவாள் பூட்டியது மற்றொருவகை. பல்லாண்டு வெட்டாமல் தடித்துப்போன கிளைகளுக்கு அதுவே ஏற்றது. இன்று பெருவழக்காக இருப்பது பிளெயில் எனப்படும் மூன்றாம் வகை.

பிளெயில் என்பது பழங்காலத்தில் கதிரடிப்பதற்கு ஐரோப்பிய உழவர் பயன்படுத்திய கருவியின் பெயர். இரண்டு கோல்களைத் தோல்வாராற் பிணைத்து, ஒன்றைக் கையிற் பிடித்து மற்றொன்றைச் சுழற்றித் தானியத்தை அடிப்பர். அப்பெயரே இப்பொறிக்கும் ஆகிவந்தது. பெயர்ப் பொருத்தம் இனிது அமைந்துள்ளது. இரும்புக் கூட்டினுள் ஓர் உருளை சுழலும். அவ்வுருளையில் சிறிய கனத்த கத்திகள், கட்டுண்டு நில்லாமல் ஆணியில் தொங்குமாறு பூட்டப்பட்டிருக்கும். உருளை நிமிடத்துக்கு 2,000-க்கும் மேற்பட்ட சுற்றுச் சுழலுங்கால் கத்திகள் விறைத்து வெளிநோக்கி நின்று கிளைகளை அடித்து நொறுக்கும். கல்லில் பட்டால் பின்வாங்கி மடங்கும். நொறுங்கிய துண்டுகள் வேலியடியில் வீழ்ந்து மக்கும். வாரவேண்டிய வேலை பெரும்பாலும் இல்லை. இவ்வசதியே இவ்வகைப் பொறி நாடெங்கும் பரவியதற்குக் காரணம்.

இப்பொறிக்கு ஆற்றல் வருவது டிராக்டரின் எஞ்சினிலிருந்து. பின்புறத்தில் பி.டி.ஓ. என்று உழவர் வழங்கும் சுழல்தண்டு ஒன்று உண்டு. பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும். அது பம்பை இயக்க, பம்பு எண்ணெயை மிக்க அழுத்தத்தோடு குழாய்வழியே செலுத்தும். அவ்வெண்ணெய் நீண்ட இரும்புக் கையை மடக்கவும் நீட்டவும் உதவுவதோடு, அதன் நுனியிலுள்ள உருளையையும் சுழற்றும். ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தவாறே சிறு பிடிகளைக்கொண்டு அக்கையை யானை தன் துதிக்கையை ஆட்டுவதுபோல ஆட்டுவர்.

பொறி வாங்குவோர் முதலில் நோக்குவது கையின் நீளத்தையே. 5 மீட்டர் எட்டுவதினும் 7 மீட்டர் எட்டுவது சிறந்தது என்று தோன்றும். அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. ஏற்றத்தின் கோல் நீள நீள நுனியிலுள்ள சிறுபாரமும் பெரும்பாரமாக இழுப்பது போல, பக்கவாட்டில் நீண்ட கையும் டிராக்டரைத் தன்பால் சாய்க்கும். ஆதலின் கை நீளுந்தோறும் டிராக்டரும் கனக்கவேண்டும். சக்கரங்கள் அகன்று நிற்கவேண்டும். எதிர்ப்புறச் சக்கரத்தில் எடை ஏற்றவேண்டியும் வரலாம். கனத்த டிராக்டரோ ஈரநிலத்தை அழுத்திக் கெடுக்கும். குறுகிய பாதைகளில் நுழையாது. தம் வேலியின் உயரத்தையும், வேலிக்கும் டிராக்டர் ஓடும் இடத்துக்கும் இடையே வாய்க்கால் உண்டா என்பதையும் அளந்து பார்த்து, வேண்டிய அளவு எட்டும் பொறியை வாங்குபவரே அறிவாளர். மற்றொன்றும் கருதத்தக்கது. கை டிராக்டரின் பின்னே நின்றால், ஓட்டுநர் நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியே இருக்கவேண்டும். சற்று முன்னோக்கி நீளும் கையாயின் அவர் இயல்பாக நோக்கி வேலை செய்யலாம். விலைப்பட்டியலில் சிறு குறிப்பாக வரும் இச்செய்தி, மாலையில் அவர்தம் கழுத்துநோவில் பெரிதாகத் தெரியும்.

கத்தி மழுங்கினால் கிளை வெட்டுண்ணாமல் கிழிபடும்; பட்டை உரிந்து வெட்டுவாய் சிதையும். ஒரு கத்தி தேய்ந்தோ உடைந்தோ போனால், அதற்கு எதிர்ப்புறம் உள்ள கத்தியையும் உடன் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் இருபுற எடையும் ஒவ்வாமல் உருளை அதிர்ந்து பொறியைக் கெடுக்கும்.

இப்பொறியால் நேரும் இடர்கள் சிறியன அல்ல. வேலிக்குள் மறைந்திருக்கும் பழைய முட்கம்பி, உருளையில் சுற்றிக்கொள்ளும். அறுந்த துண்டு அம்புபோல் பாயும். கல்லும் அவ்வாறே தெறிக்கும். ஆகவே பொறியைத் தொடுமுன் வேலியோரமாக நடந்து பார்ப்பது அறிந்தோர் வழக்கம். ஓட்டுநர்க்கும் பொறிக்கும் இடையே வலையோ உறுதியான பிளாஸ்டிக் தட்டியோ காப்பாக இருக்கவேண்டும். பிறர் எவரும் அருகே நிற்றல் ஆகாது. விசையை நிறுத்தியபின்னும் உருளை சிறிதுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதை மறந்து கையை நீட்டினோர் கையிழப்பர். எல்லாவற்றினும் கொடியது மேலே செல்லும் மின்கம்பி. இரும்புக்கை கம்பியைத் தொடவேண்டுவதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். அவ்வாறு நேர்ந்தால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, இயலுமாயின் பொறியை ஓட்டி விலக்கவேண்டும். தீப்பற்றுதல் போன்ற காரணத்தால் இறங்கியே தீரவேண்டுமாயின், பொறியையும் தரையையும் ஒரேசமயத்தில் தொடாதவாறு எட்டக் குதித்தல் வேண்டும்.

பொறியைத் தேர்வதினும் அரியது, எப்பொழுது வெட்டுவது என்று முடிவு செய்தல். ஹாதார்ன், பிளாக்தார்ன் செடிகள் முந்திய ஆண்டு வளர்ந்த கிளையிலேயே பூக்கும். ஆண்டுதோறும் வெட்டினால் அக்கிளை நிற்பதில்லை. பூவும் இல்லை, கனியும் இல்லை. பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்னும் வண்ணத்துப்பூச்சி பிளாக்தார்ன் செடியின் இளங்கிளையில் முட்டையிடும். அம்முட்டை குளிர்காலம் முழுவதும் கிளையிலேயே ஒட்டியிருந்து இளவேனிலில் பொரியும். இடையில் பொறி வந்தால் முட்டையும் கிளையோடு நொறுங்கும். ஆகவே மொத்த வேலியையும் மூன்று பங்காக்கி ஆண்டுக்கு ஒரு பங்கு வெட்டுவது நன்று. சாலையோரம் மட்டும் பார்வையை மறையாதிருக்க ஆண்டுதோறும் வெட்டப்படும்.

மாதத்தைப் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. கனிகளைப் பறவைகள் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, ஜனவரி பிப்ரவரி மாதங்களில் வெட்டுவதே வேலிக்கும் பறவைக்கும் நலம். ஆனால் அம்மாதங்களில் இங்கிலாந்தின் களிமண் நிலம் மழையில் ஊறிக் கிடக்கும். பல டன் எடையுள்ள டிராக்டர் அதில் இறங்கினால் சக்கரம் புதையும். முளைத்து நிற்கும் கோதுமையும் நசுங்கும். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புத் தொடங்குமுன், செப்டம்பர் மாதத்தில், நிலம் உலர்ந்து வெறுமையாக இருக்கும். அப்பொழுது வெட்டிவிடவே உழவர் விழைவர். அவரைக் குறைகூற இயலாது. ஆயினும் அப்பொழுது வெட்டப்படுவது பறவைகளின் குளிர்கால உணவாகும். மூன்றில் ஒரு பங்கை வெட்டும் முறை இங்கும் கைகொடுக்கின்றது. ஒரு பங்கு செப்டம்பரில் வெட்டுண்டாலும், எஞ்சிய பங்குகளில் உள்ள கனிகள் பறவைகளுக்கு நிற்கும்.

பறவைகள் கூடுகட்டும் காலத்தைப் பொறுத்தவரை இவ்விருப்புவெறுப்புக்கு இடமில்லை. இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை வேளாண்நில வேலிகளை வெட்டுதல் கூடாது. வேலியின் நடுவிலிருந்து 2 மீட்டர் தொலைவுக்குள் உழுதலும் உரம், பூச்சிமருந்து இடுதலும் ஆகா. இவற்றிற்குச் சில விலக்குகள் உண்டு. வேலியை அடியோடு அகற்றுவதற்கு உள்ளூராட்சியின் இசைவு வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டின் விதி.

வெட்டும் உயரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டுதோறும் ஒரே உயரத்தில் வெட்டினால் தண்டின் நுனி முண்டுமுண்டாகத் தடித்து, புதுக்கிளைகள் அங்கேயே முளைக்கும்; கீழே இலையின்றி வேலி ஓட்டையாகும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் அவ்வேலியில் ஆட்டுக்குட்டி எளிதில் நுழைந்து போகும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழி ஒருபுறம் இருக்க, வேலியைக் காக்க வந்த பொறியே வேலியை மேய்ந்த கதை இது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் புதுவளர்ச்சியை விட்டு, முன்னைவிடச் சற்று மேலே வெட்டினால் இக்கேடு வாராது. அடி அகன்று மேலே குறுகுமாறு வெட்டினால் கீழ்க்கிளைக்கும் வெயில் கிட்டும்.

அடி முற்றும் வெளுத்துப்போன வேலியைப் பொறி எதனாலும் மீட்க இயலாது. அதற்குப் பழைய கைத்தொழிலே வேண்டும். தண்டை அடியில் முக்காற்பங்குக்கு மேல் வெட்டி, மெல்லிய பட்டையும் மரமும் வேரோடு தொடர்ந்திருக்குமாறு சாய்த்துப் படுக்கவைப்பர். இடையிடையே முளையடித்து, மேலே ஹேசல் வளார்களைப் பின்னிக் கட்டுவர். இளவேனிலில் வெட்டிய அடியிலிருந்து புதுத்தளிர்கள் நெருங்கி எழும். திறமையுடையவர்க்கும் இது மெல்லச் செல்லும் வேலை; கூலியும் மிகுதி. ஆயினும் இவ்வாறு புதுப்பித்த வேலியைப் பின்னர்ப் பல ஆண்டுகள் பொறியாலேயே பேணலாம்.

வேலிவரிசையில் தானே முளைத்த ஓக் கன்றுகளை மரமாக விட விரும்புவோர், கோடையிலேயே அவற்றைக் கண்டறிந்து நுனியில் பளிச்சென்ற நிறத்துணி கட்டிவைப்பர். குளிர்காலத்தில் பொறியோடு வரும் ஓட்டுநர் பெரும்பாலும் வாடகைக்கு வந்த அயலார். எந்தக் கன்று எங்கே நிற்கின்றது என்பதை அவர் அறியார். துணியைக் கண்டதும் இரும்புக்கையை உயர்த்திக் கன்றைக் கடந்து, அப்பால் மீண்டும் தாழ்த்தி வெட்டிச் செல்வார்.